டிரான்ஸ்பார்மர் இல்லாத பெட்டி

என் வீட்டுக்காரர் ஜேசுபாதம் ரேடியோ மெக்கானிக். ஒயர்மேன் இல்லை. மெயின் போர்டு, மோட்டார், வீட்டு வயரிங் இதையெல்லாம் தொட அவருக்கு லைசென்ஸ் கிடையாது. நாசரேத்தில் தொழில் படித்துவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்தவர், டூவிபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையிலேயே கடை போட்டிருந்தார். நான் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

கடற்கரை ரோட்டில் ஒரு பழைய பேப்பர் கடையில், கப்பலில் வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் இங்கிலீஷ் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகள் கிடைக்கும். அவற்றைக் கட்டாக வாங்கிவந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்துப் படிப்பார். சோறு காய்ந்துபோகும். நான் சத்தம் போட்டால், "இந்தா, இந்தப் பக்கம் மட்டும்" என்பார். அந்தப் பக்கம் முடியவே முடியாது.

1973 தொடக்கத்தில் ரோச் என்ற உப்பள முதலாளி ரிப்பேரான ரேடியோவோடு கடைக்கு வந்தார். முள்ளக்காட்டுப் பக்கம் அவருக்குப் பெரிய அளம் இருந்தது. கிணற்றிலிருந்து உப்புத்தண்ணியை மோட்டார் வைத்து இறைத்து ஒரு சிமெண்டுத் தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து வாய்க்கால் வழியாகப் பாத்திகளுக்கு விடுவார்கள். மோட்டார் போடுகிற ஆள் அசந்துவிட்டால் தொட்டி வழிந்து, வாருவதற்குத் தயாராக இருக்கிற உப்பைக் கரைத்துவிடும்.

"ஜேசுபாதம், ரேடியோவுக்கெல்லாம் வைத்தியம் பாக்கீரு. என் தொட்டிக்கு ஒரு வழி சொல்லும்வே. நிறைஞ்சா மோட்டாரு தானா நிக்கணும், குறைஞ்சா தானா ஓடணும்."

என் வீட்டுக்காரர் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. யாராவது அப்படி ஒன்றைக் கேட்கமாட்டார்களா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவர் அவர்.

டார்ச் பேட்டரியை உடைத்து உள்ளேயிருக்கும் கரிக்குச்சிகளை எடுத்தார். உப்புத்தண்ணியில் எந்த உலோகமும் நிற்காது, கரி நிற்கும். நீளமும் குட்டையுமாக அவற்றைத் தொட்டிக்குள் தொங்கவிட்டார். தண்ணி ஏறிக் குட்டைக் குச்சியைத் தொட்டால் அதன் வழியாகத் துளி கரண்டு பாயும், தொட்டி விளிம்பில் மாட்டிய பெட்டிக்குள்ளே டிரான்சிஸ்டர் அதைத் தெரிந்துகொண்டு ரிலே என்ற குட்டி சுவிட்சை விடும், மோட்டார் நிற்கும். இப்படித்தான் அவர் எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

முதல் பெட்டி நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் தண்ணி நிறைந்தும் மோட்டார் நிற்கவில்லை. இரண்டு பாத்தி உப்பு கரைந்துபோயிற்று. ரோச் அண்ணாச்சி ஆள் அனுப்பிய தோரணையிலேயே விஷயம் தெரிந்தது. அங்கே போனால், அளத்து ஒயர்மேன் முப்பிடாதி பெட்டியைத் திறந்துவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாராம்.

முப்பிடாதியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரரைவிட மூன்று வயது இளையவர். லைசென்ஸ் எடுத்த ஒயர்மேன். ஒரு ஸ்குரூவைக்கூட இரண்டு முறை முடுக்கிப் பார்க்காமல் விடமாட்டார். அவர் அமைத்த போர்டைத் திறந்தால் ஒயர்களெல்லாம் தலைவாரிப் பின்னியதுபோல் இருக்கும்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. உங்க ரிலேயோட ரெண்டு பல்லும் உருகி ஒட்டிக்கிட்டு. பத்து எச்.பி. மோட்டாரு கிளம்புத நேரம் அஞ்சாறு மடங்கு கரண்டு இழுக்கும். அதை இந்தக் குன்னிமுத்து தாங்குமா?"

"அப்போ என்னலே செய்ய?"

"உங்க ரிலே மோட்டாரைத் தொடவே வேண்டாம். ஸ்டார்ட்டரை மட்டும் தட்டி எழுப்பட்டும். மோட்டாரை ஸ்டார்ட்டரு பாத்துக்கிடும்."

அன்றைக்கே இருவரும் சேர்ந்து மாற்றிக் கட்டினார்கள். அதற்குப் பிறகு ரிலே ஒட்டவே இல்லை. முப்பிடாதி எங்கள் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தார். என் பிள்ளைகளுக்கு அவர் மாமா ஆனார்.

ஆனால் இன்னொரு தொல்லை இருந்தது. கம்பத்துக் கரண்டு இருநூற்று முப்பது வோல்ட். டிரான்சிஸ்டருக்குப் பன்னிரண்டு போதும். அதைக் குறைத்துக் கொடுக்கத்தான் டிரான்ஸ்பார்மர். அந்த டிரான்ஸ்பார்மரின் மயிர்போன்ற செம்புக் கம்பியை உப்புக்காற்று இரண்டே மாதத்தில் பச்சை பூக்கவைத்து அரித்துவிட்டது. மாற்றினார். மறுபடியும் அரித்தது. "உம்ம பெட்டியைவிட என் ஆளே தேவலாம்வே, அவன் தூங்கினா எழுப்பலாம்" என்றார் ரோச் அண்ணாச்சி. அந்த வார்த்தை என் வீட்டுக்காரரைச் சுட்டுவிட்டது.

அப்போதுதான் ஒரு பத்திரிகையில் ஒரு வரைபடம் அவர் கண்ணில் பட்டது. டிரான்ஸ்பார்மரே வேண்டாம், ஒரு கண்டன்சரை வைத்தே மெயின் கரண்டை மட்டுப்படுத்திப் பன்னிரண்டு வோல்ட் எடுத்துவிடலாம். பெட்டி சோப்புப் பெட்டி அளவுக்குச் சிறியதாகிவிட்டது. உள்ளே தாரை உருக்கி ஊற்றி மூடிவிட்டார். உப்புக்காற்று புக வழியே இல்லை.

அந்த வரைபடத்துக்குக் கீழே நாலு வரியில் எச்சரிக்கை போட்டிருந்தது. அதை அவர் படித்தார். எனக்கும் சொன்னார்.

"டிரான்ஸ்பார்மர்ல ரெண்டு சுருள் இருக்கு கிரேசி. ஒண்ணை ஒண்ணு தொடாது. கம்பத்துக் கரண்டு இந்தப் பக்கமே நின்னுரும், அந்தப் பக்கம் உள்ளது தனிக் கரண்டு. இதுல அந்தச் சுவரு கிடையாது. தொட்டிக்குள்ள தொங்குத குச்சியும் கம்பத்து லைனும் ஒண்ணுதான்."

"அப்போ தண்ணியில கரண்டு வராதா?"

"நியூட்ரல் இருக்கவேண்டிய கம்பியில நியூட்ரல் இருக்கும்வரை வராது. ஆளைப் பிடிக்குத பேஸும் பிடிக்காத நியூட்ரலும் இடம் மாறினாத்தான் ஆபத்து. முப்பிடாதி மாத்திப் போடுத ஆளா?"

பேஸ் கம்பியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தார். அவ்வளவுதான் அவர் செய்த பாதுகாப்பு.

முப்பிடாதியிடம் உண்மையைச் சொல்லவில்லை. "உள்ள டிரான்ஸ்பார்மர் இருக்கா அண்ணாச்சி? தூக்கினா கனமே இல்லையே" என்று அவர் கேட்டபோது, "சின்னதா ஒண்ணு இருக்குலே" என்றார். சொல்லியிருந்தால் முப்பிடாதி அதை இணைத்திருக்கமாட்டார். அது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். ரோச் அண்ணாச்சி முன்னால் இன்னொரு முறையும் தோற்க அவருக்கு மனமில்லை.

அந்தப் பெட்டி எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. பக்கத்து அளக்காரர்கள் வந்து பார்த்தார்கள். இன்னும் நாலு பெட்டி செய்துகொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால், "உங்க வீட்டுக்காரர் ஏதோ மிஷின் கண்டுபிடிச்சிருக்காராமே" என்று கேட்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன். பெருமையாகத்தான் இருந்தது.

1974 பிப்ரவரி. மழைக்காலம் முடிந்து அளத்தில் வேலை தொடங்கியிருந்தது. மழையில் மெயின் போர்டு பூராவும் பூத்துப்போயிருந்ததால் முப்பிடாதி ஒரு காலை நேரம் அதைக் கழற்றிப் புதுசாகப் பூட்டினார். பெட்டிக்குப் போகிற இரண்டு ரப்பர் ஒயரும் உப்புப் படிந்து ஒரே நிறமாக வெளுத்துக் கிடந்தன. சிவப்புப் பொட்டு எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. முப்பிடாதி இரண்டையும் மாற்றிப் பூட்டிவிட்டார். பியூஸைப் போட்டார், லைட் எரிந்தது. பெட்டியும் எப்போதும்போல் வேலை செய்தது. இடம் மாறினாலும் அது வேலை செய்யத்தான் செய்யும். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

தொட்டியின் அடியிலுள்ள துவாரத்தை உள்ளிருந்து ஒரு மரக்கட்டை வைத்து அடைத்திருப்பார்கள். தினமும் காலையில் அதைப் பிடுங்கி வாய்க்காலுக்குத் தண்ணி விடுவது பேச்சித்தாய் என்ற பெண்ணின் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். அன்றைக்கும் ஈரப் படியில் வெறுங்காலோடு நின்று, தோள்வரை கையை உப்புத்தண்ணிக்குள் விட்டிருக்கிறாள். தொட்டிக்கு உள்பக்கம் சிமெண்டு அரிக்காமலிருக்கத் தார் பூசியிருந்தது. அதனால் தண்ணியில் இறங்கிய கரண்டு எங்கேயும் போக வழியில்லாமல் அப்படியே நின்றிருக்கிறது. அவள் கை பட்டதும் அவள் உடம்பு வழியாக இறங்கியது.

அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு முப்பிடாதிதான் ஓடினார். ஆளை இழுக்கப் போகாமல், திரும்பி ஓடி மெயினை இறக்கினார். அந்தப் புத்தி அவருக்கு இருந்ததால் பேச்சித்தாய் பிழைத்தாள். ஆனால் கரண்டு முறுக்கிய முறுக்கில் வலது தோள் மூட்டு கழன்று பின்பக்கமாகப் போய்விட்டது.

என் வீட்டுக்காரருக்கு ஆள் வந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது பேச்சித்தாயை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எல்லாரும் அந்த வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் போர்டைத் திறந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார். ஒரு நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் கவனிக்காத நேரத்தில் பெட்டியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது முன்னறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். பெட்டி மடியில் இருந்தது. நடந்ததைச் சொன்னார்.

"நாளைக் கழிச்சு சர்க்கார் ஆய்வாளர் வாராராம். இதைக் கொண்டுபோய் அவர் முன்னால வச்சு, நான்தான் செஞ்சேன்னு சொல்லிருதேன் கிரேசி. முப்பிடாதிகிட்ட இன்னைக்கே சொல்லிருதேன்."

இனி நான் எழுதப்போவதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நான் கதவைச் சாத்தினேன். "சும்மா இருங்க" என்றேன். "உங்களுக்கு லைசென்ஸே கிடையாது. ஜெயில்ல போட்டுருவாங்க. ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்களை வச்சிருக்கேன். மிஷன் பள்ளிக்கூடத்துல என்னை வச்சிருப்பாங்களா?"

"பெட்டியை எங்கன்னு கேட்டா என்ன சொல்ல?"

பரண்மேல் அந்தப் பழைய பெட்டி இருந்தது. டிரான்ஸ்பார்மர் வைத்து முதலில் செய்தது. அதை இறக்கித் தூசி துடைத்து அவர் முன்னால் வைத்தது நான்தான். "இதைக் கொண்டுபோங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று ஒரு பக்கம் பயந்தேன். சொல்லவில்லை. பழைய பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் வந்து போர்டைப் பார்த்தார். இரண்டு கம்பியும் இடம் மாறியிருந்தது உடனே தெரிந்தது. பெட்டியைக் கேட்டார். இவர் பழைய பெட்டியைக் கொடுத்தார். ஆய்வாளர் திறந்து, டிரான்ஸ்பார்மரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கரண்டு பெட்டி வழியாக வரவில்லை, பெட்டிக்கு வருகிற, தொட்டி விளிம்பில் தோலுரிந்து கிடந்த ஒயரில் பேஸ் வந்ததால்தான் தண்ணியில் இறங்கியிருக்கிறது, ஒயர்மேனின் கவனக்குறைவு என்று எழுதினார்.

முப்பிடாதி வாதாடவில்லை. "என் கைதான் சார். நான்தான் மாத்திப் பூட்டியிருக்கேன்" என்று சொன்னாராம். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். முப்பிடாதியின் லைசென்ஸை ரத்து செய்தார்கள்.

அடுத்த பத்து நாள் இவர் தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. டிரான்ஸ்பார்மரை மெழுகில் முக்கி, எண்ணெய் ஊற்றிய தகர டப்பாவுக்குள் மூழ்கவைத்து, ரப்பர் வைத்து மூடியைத் திருகினார். அதை உப்புத்தண்ணி வாளிக்கு மேல் தொங்கவிட்டுச் சோதித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்படியே ஐந்து செய்து, நாலு அளங்களிலும் போய், "புது மாடல்" என்று சொல்லிப் பழைய பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். ரோச் அண்ணாச்சி தொட்டியிலும் ஒன்று வைத்தார்.

"வெறும் பத்து நாள் வேலை கிரேசி" என்றார் கடைசிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த அன்றைக்கு. "முதல்லயே இதைச் செஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியாம இல்லை. யோசிக்கப் பொறுமை இல்லை."

மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இராப்போஜன ஆராதனை. எல்லாரும் எழுந்து முன்னால் போய் முழங்காலிட்டு அப்பம் வாங்குவார்கள். பாவத்தை மனதில் மறைத்துவைத்துக்கொண்டு அதை வாங்கக்கூடாது என்பது எங்கள் முறை; இவர் எழுந்திருக்கமாட்டார். காலில் வலி என்று கேட்டவர்களுக்குச் சொன்னார். நான் போனேன். டீச்சர் போகாவிட்டால் பேசுவார்கள் அல்லவா? அப்பத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு திரும்பி நடக்கும்போது, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் அவரைக் கடந்துதான் வரவேண்டும். ஒன்பது மாதம் அப்படி நடந்தேன்.

முப்பிடாதி புதுத் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனார். என் வீட்டுக்காரர் வலியப் போய் அவரிடம் பேசுவார். தெரிந்த என்ஜினீயர் ஒருவரைப் பிடித்து, மனுப்போட்டால் லைசென்ஸைத் திரும்ப வாங்கலாம் என்று வழி கேட்டு வந்தார். அப்படியாவது தன் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. நவம்பரில் ஒரு சாயங்காலம் முப்பிடாதி கடைக்கு வந்தபோது அதைச் சொன்னார். நான் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார் முப்பிடாதி.

"ஏம்லே? நீ மனு எழுது. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

"லைசென்ஸ் வந்தா ஒயரைத் தொடணும்லா? என்னால முடியாது. அன்னைக்கு ரெண்டு தடவை பாத்துத்தான் பூட்டினேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பாத்தும் தப்பாப் போச்சுன்னா, இதுவரைக்கும் எத்தனை வீட்டுல என்னென்ன செஞ்சு வச்சிருக்கேனோ. வீட்டுல பல்பு மாத்தணும்னாக்கூட என் பொண்டாட்டியைத்தான் மாத்தச் சொல்லுதேன். இந்தக் கையை எனக்கே நம்ப முடியல."

அதை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். நான் காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன். என் வீட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேஜைமேல் இருந்த அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பிடாதி போன பிறகு உள்ளே வந்தார். "இனிமே முடியாது" என்றார். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த தார்ப் பெட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் சனிக்கிழமை. இருவருமாக முப்பிடாதி வீட்டுக்குப் போனோம்.

அவர் முற்றத்தில் உட்கார்ந்து பெட்டியைக் கையில் வாங்கினார். "இது அந்தப் பெட்டிதானே? ஆய்வாளர்கிட்ட காட்டினது வேற மாதிரில்லா இருந்துது? அன்னைக்கு இருந்த இருப்புல நான் சரியாப் பாக்கலை."

"அது வேற" என்றார் இவர். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

முப்பிடாதி உள்ளே போய் ஒரு ஸ்குரூடிரைவர் எடுத்துவந்தார். தாரைக் குத்திக் குத்திப் பெயர்த்தார். கண்டன்சர் வந்தது, டிரான்சிஸ்டர் வந்தது, ரிலே வந்தது. டிரான்ஸ்பார்மரைத் தேடிப் பெட்டியின் அடித்தகடு வரைக்கும் கிளறினார். இல்லை.

"பழைய பெட்டியைக் காட்டலாம்னு யாரு சொன்னது?"

"நான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இவரிடம், "கம்பியை நான் மாத்திப் பூட்டினது நெசம்தானே?" என்றார்.

"நெசம்தான். ஒயரு ரெண்டும் ஒரே நிறமா இருந்தா யாரு வேணும்னாலும் மாத்திப் பூட்டுவாங்க. மாத்திப் பூட்டினாலும் ஆளைப் பிடிக்காத மாதிரி செய்யவேண்டியது என் வேலை. அதை நான் செய்யலை. உன் கையில ஒரு தப்பும் இல்லைலே."

முப்பிடாதி ஸ்குரூடிரைவரைத் தரையில் வைத்தார். அவர் பெண்சாதி கதவோரம் வந்து நின்றாள்.

"ஒன்பது மாசம்" என்றார். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பேச்சித்தாய் வீட்டுக்குப் போய் அவ காலடியில உக்காந்துட்டு வாரேன். நீங்க என்கூட டீ குடிச்சீங்க, எனக்கு மனு எழுதித் தாரேன்னீங்க. எந்திரிச்சுப் போங்க. ரெண்டு பேரும் போங்க."

எழுந்து வந்தோம்.

திங்கட்கிழமை இவர் ஆய்வாளருக்குக் கடிதம் எழுதினார். வரைபடம் போட்டு, எது எப்படி நடந்தது என்று மூன்று பக்கம். பெட்டி மாற்றிய இடத்தில், 'என்னிடமிருந்த பழைய பெட்டியை நான் கொண்டுபோய்க் காட்டினேன்' என்று எழுதியிருந்தார். "நான் சொன்னேன்னு எழுதுங்க" என்றேன். "கொண்டுபோனது என் கைதானே" என்று சொல்லிவிட்டு உறையை ஒட்டினார்.

அதே வாரம் பேச்சித்தாயைப் பார்க்கப் போனோம். அவள் ஓலை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் பின்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். வலது கை தோளுக்குமேல் எழும்பாது. உப்பு வாருகிற பலகையைப் பிடிக்க முடியாததால் அளத்து வேலையும் போய்விட்டது. இவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தண்ணிதான் என்னைப் பிடிச்சுதுன்னு அன்னைக்கே சொன்னேன். முனி அடிச்சிருக்குன்னாவ" என்றாள். "இப்ப நீங்க சொல்லிட்டீங்க. என் கை வருமாய்யா?"

"வராது தாயி."

"பொறவு எதுக்குச் சொல்லுதீங்க?"

பின்னால் நின்ற மகளைக் காட்டி அவளே கேட்டாள்: "என் வேலைக்கு இப்ப இவதான் போறா. அதே தொட்டியில தினமும் கையை விடுதா. அதுல இப்ப ஒண்ணும் வராதா?"

"வராது. டிரான்ஸ்பார்மர் வச்சிருக்கேன்."

"நீங்க அன்னைக்கும் அப்படித்தானே சொன்னிய."

இவர் எழுந்தார். "வா தாயி" என்றார். நாங்கள் நாலு பேரும் முள்ளக்காட்டுக்கு நடந்தோம். தொட்டி நிறைந்திருந்தது. இவர் செருப்பைக் கழற்றினார். போர்டைத் திறந்து, பெட்டிக்குப் போகிற இரண்டு கம்பியையும் வேண்டுமென்றே மாற்றிப் பூட்டினார், பியூஸைப் போட்டார். படியில் வாய்க்கால் தண்ணியை அள்ளி ஊற்றினார். பேச்சித்தாய் நின்ற அதே இடத்தில் ஏறி நின்று, சட்டையோடு தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டார். அவர் அடைப்புக் கட்டையைப் பிடுங்கினார். வாய்க்காலில் தண்ணி ஓடியது. கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"போதும், எடுங்க" என்றாள் பேச்சித்தாய். பிறகு மகளைப் பார்த்து, "சரி, போ. வேலையைப் பாரு" என்றாள். எங்களிடம் வேறொன்றும் பேசவில்லை.

கேஸ் நடந்தது. இவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதமும், கோர்ட்டு கலையும்வரை நிற்கிற தண்டனையும் கிடைத்தது. காலையிலிருந்து சாயங்காலம்வரை கோர்ட்டுச் சுவரோரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். பேச்சித்தாயின் மகள் கொண்டுவருகிற கூலி போக, அவள் வீட்டுக்கென்று இவர் மாதாமாதம் ஏதோ கொடுத்து வந்தார். அவள் வாங்கிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை. ரேடியோ ரிப்பேருக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

முப்பிடாதிக்கு லைசென்ஸ் திரும்ப வந்தது. மூன்று மாதம் அதை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாராம். பிறகு ஒருநாள் ரோச் அண்ணாச்சி அளத்திலேயே மறுபடி வேலைக்குச் சேர்ந்தார். சேரும்போது ஒரு நிபந்தனை சொன்னார்: யார் செய்த பெட்டியானாலும், தான் திறந்து பார்த்து, இரண்டு சுருளுக்கும் நடுவில் கரண்டு தாண்டவில்லை என்று மெக்கர் என்ற கைச்சுற்று மீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் இணைப்பேன் என்று. அதனால் இவர் செய்கிற பெட்டிகளைப் பார்க்க மாதம் ஒருமுறை எங்கள் கடைக்கு வருவார். மூடியைக் கழற்றுவார், எண்ணெயைப் பார்ப்பார், மெக்கரைச் சுற்றுவார். "சரியா இருக்கு", "இதுல ரப்பரை மாத்துங்க", இவ்வளவுதான் பேச்சு. இவர் சொன்னபடி மாற்றுவார். அடுத்த வருஷம் ஈஸ்டரில் இவர் எழுந்து முன்னால் போய் முழங்காலிட்டார். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேஸ் பேப்பரில் வந்த வாரம் எங்கள் தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். "மிசஸ் ஜேசுபாதம், அந்தப் பெட்டியை மாற்றிக் காட்டியது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். கடிதத்தில் என் பெயர் இல்லை. கோர்ட்டிலும் இவர் சொல்லவில்லை. "தெரியாது மேடம்" என்றேன். என்னை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

முப்பிடாதிக்குத் தெரியும். அவருடைய மகள் என் வகுப்பில்தான் படித்தாள். பெற்றோர் கூட்டத்துக்கு அவரும் அவர் பெண்சாதியும் வந்து, தலைமையாசிரியைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. அவர் கடைக்கு வருகிற நாள் எதுவென்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மணி அடித்த பிறகும் பள்ளிக்கூடத்தில் நோட்டுத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, மெதுவாகத்தான் வீட்டுக்கு நடப்பேன்.